இட்லித் தட்டில் கல்லுப்பூ

— அக்கா, அக்கா, நில்லுங்க! ஏரோப்ளேன்லேருந்து எறங்குன காலோட நேரா மாடிக்கா? மொதல்ல செத்த ஒக்காருங்க.

— பாரீஸ்லேருந்து மெட்ராஸ் வரைக்கும் ஒக்காந்துட்டேதான்டி வந்தேன். மெட்ராஸ்லேருந்து நெல்லித்தோப்பு வரைக்கும் கார்ல ஒக்காந்தேன். இன்னும் எவ்ளோ ஒக்காருறது? வழிய வுடு, அன்னம்.

— காபி கலந்துட்டேன்க்கா...

— காபி எங்க ஓடிடப் போவுது?

— ஆறிடும்.

— அன்னக்கிளி! உனக்கு நான் வாடகைக்கு வுட்டது பின்கட்டு. மாடி இன்னும் என்னுதுதான், ஞாபகம் இருக்கா?

— ஐயோ, அப்டி இல்லக்கா... சரி, ஏறுங்க. பாத்து. மூணாவது படி பேந்து கெடக்கு. பூசணும் பூசணும்னு எங்கூட்டுக்காரரு சொல்லிட்டே இருக்காரு.

— கன்னியப்பன் சொல்லிட்டேதான் இருப்பாரு. எங்க ஆளையே காணோம்?

— ஹார்பருக்குப் போயிருக்காரு. அக்கா வராங்க, நல்ல வஞ்சிரமா பாத்து எடுத்தாங்கன்னு அனுப்பியிருக்கேன்.

— அதச் சொல்லு! நல்ல மீனு தின்னு ஒரு வருஷம் ஆச்சுடி. அங்க துர்கா பொட்டில அடச்ச மீன வாங்கியாறா. முள்ளு இல்ல, தல இல்ல, வாசமும் இல்ல. மேல மீனுன்னு எழுதியிருக்கு, நாமளும் நம்பித் திங்கணும்.

— பேரன் எப்டிக்கா இருக்கான்? துர்காவாட்டமா, மாப்ளையாட்டமா?

— மூக்கு மட்டும் எங்கவரு மூக்கு. செத்தும் மூக்க வுட மாட்டேங்குறாரு மனுஷன்.

— போட்டோ இருக்குல்ல? வாங்க, எறங்கிப் போயி பொட்டிய பிரிக்கலாம்...

— ஏன்டி சும்மா சும்மா எறங்கச் சொல்ற? மாடில யாரயாவது ஒளிச்சு வச்சிருக்கியா?

— மூச்சு வாங்குதுக்கா.

— படி ஏறுறது நானு, மூச்சு வாங்குறது உனக்கா? தள்ளு... யம்மாடி! இது கறிவேப்பிலையா, ஆலமரமா? நான் போறப்போ முட்டி ஒசரம்தான இருந்துது?

— மீன் கழுவுன தண்ணிக்கா. தெனம் வித்துட்டு வந்து கூடய கழுவுவேன்ல, அந்தத் தண்ணி...

— நல்லா கேக்குது போலருக்கே.

— கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் மட்டும்தான்! வேற எதுக்கும் ஊத்துறதில்ல.

— நான் ஒண்ணும் கேக்கலியே.

— இல்ல, நானா சொன்னேன்.

— போன்ல எப்ப கேட்டாலும் ‘ஜோரா இருக்குக்கா’ன்னுவ. ஜோராதான் இருக்கு. எங்க என் தொட்டி?

— எந்தத் தொட்டிக்கா?

— எந்தத் தொட்டியா? நல்லா கேட்ட போ. கல்லுப்பூ! எங்கவரு வச்சது. ஊருக்குப் போற அன்னிக்கு உங்கையப் புடிச்சு இன்னா சொன்னேன்? வூடே போனாலும் பரவால்ல, அவரு நெனப்பா இருக்குற உசுரு இது ஒண்ணுதான், இத மட்டும் பாத்துக்கோடின்னு சொல்லிட்டுப் போனேனா இல்லியா?

— சொன்னீங்க... தோ, கைப்புடிச் செவுத்து மேல. அதே எடத்துலதான் இருக்கு.

— இரு, கண்ணாடிய போட்டுக்குறேன்.

— கண்ணாடி எதுக்குக்கா? தூரத்துலேருந்து பாத்தாதான் அழகு.

— ...ம்ம்.

— இன்னா, ம்ம்?

— நல்லா இருக்குடி. சாம்பல் பூசுன ரோஜா கணக்கா, எல அடுக்கு அடுக்கா... நல்லா வச்சிருக்க.

— கொஞ்சம் எளச்சிருக்குல்ல? இந்த வருஷம் வெயிலு...

— நான்கூடத்தான் எளச்சிருக்கேன். அதுக்கு இன்னா இப்போ?

— அக்கா, ஒண்ணு சொல்லணும்.

— காபி ஆறிடும்னியே.

— இல்ல, இப்பவே சொல்லணும்.

— வஞ்சிரத்த கொழம்பு வைக்கிறியா, வறுக்குறியா?

— அக்கா!

— ரெண்டும் பண்ணு. தலய மட்டும் கொழம்புல போடு... உனக்கு ஒரு கத தெரியுமா? இந்தச் செடிய அங்க பூக்கடைல பாத்தேன்டி. கண்ணாடி அலமாரில வச்சு விக்கிறாளுங்க. கடக்காரி எடுத்து எங்கைல குடுத்து காட்டுனா. நான் வாங்காம திருப்பிக் குடுத்தேன், அதுக்கும் மெர்சிங்குறா.

— மெர்சின்னா?

— நன்றிங்குறது. அங்க எதுக்கெடுத்தாலும் அதான். பஸ்ஸ வுட்டு எறங்குனா மெர்சி, கதவ தொறந்து புடிச்சா மெர்சி, வழில இடிச்சுட்டா கூட மெர்சியோ இன்னாவோ.

— நீங்களும் சொன்னீங்களா?

— ம்ஹூம். வாய்லயே வரல. எங்கவரு துமாஸ் வீதில ஒரு வெள்ளக்கார மதாமுக்கு காரு ஓட்டுனாருல்ல? அவங்ககிட்ட புடிச்ச பழக்கம், வூட்ல ஒரு சொம்பு தண்ணி குடுத்தா ‘மெர்சி, பாக்கியம்’ம்பாரு. ‘எந்த ஊரு மதாமுக்குச் சொல்றீங்க, சொம்ப கீழ வைங்க’ம்பேன். ஒரு நாளும் நான் திருப்பிச் சொன்னதில்ல. அந்த மதாம் ஊரோட போறப்போ குடுத்துட்டுப் போனதுதான் இந்தச் செடி. பேரு வாயில நொழயல, இவராவே கல்லுப்பூன்னு வச்சாரு.

— தெரியும்க்கா. அதுனாலதான் சொல்லணும்ங்குறேன்.

— அன்னம், வா, எறங்கலாம்.

— இருங்க. சுனாமில குப்பத்து வூடு போயி தகரக் கொட்டாயில கெடந்தோம். நான் ஏறி எறங்காத வாசப்படி இல்ல. மீன்காரங்களா, வாடை அடிக்கும்னு மூஞ்சிக்கு நேரா கதவ சாத்துனாங்க. நீங்க ஒருத்தர்தான்...

— வஞ்சிரம் சும்மா கெடைக்கும்னு குடுத்தேன்டி.

— வெளயாடாதீங்க. கூடய தெருவுல வச்சே கழுவிட்டு வரேன்னு சொன்னேன். ‘ஏன் தெருவுல? உள்ள கொழா இருக்குல்ல, உள்ள வந்து கழுவு’ன்னீங்க. அன்னிக்கு ராத்திரி நான் எவ்ளோ அழுதேன்னு எங்கூட்டுக்காரர கேளுங்க. அப்டிப்பட்டவங்க வாயத் தொறந்து என்கிட்ட கேட்டது ஒரே ஒரு தொட்டி. அதப் போயி நான்...

— வேணாம் அன்னம். சொல்லாத.

— சொல்லாம சோறு எறங்கலக்கா! இது ஐயா வச்ச செடி இல்ல. அது செத்துப் போச்சு. நாந்தான் சாவடிச்சேன். திட்டுங்கக்கா.

— எப்டி போச்சு?

— மீன் தண்ணி.

— ஓ...

— குப்பத்துல நாங்க முருங்க, மல்லி எல்லாத்துக்கும் அதான் ஊத்துவோம். அக்கா செடியாச்சே, இதுக்கு எதுக்கு கொற வைக்கணும்னு மொத தண்ணி, ரத்தத் தண்ணி, அத எடுத்து வச்சு ஊத்துனேன். எலயெல்லாம் கண்ணாடி மாரி பளபளன்னு ஆச்சு. நான் இன்னா நெனச்சேன், சத புடிக்குதுன்னு! சந்தோசத்துல இன்னும் ரெண்டு சொம்பு...

— ஐயோ, ஐயோ...

— அக்கா, சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களா?

— எனக்கே தெரியலடி. நீ சொல்லு.

— ஒரு நாளு காலைல தொட்டேன். கழுத்தோட கழண்டு கைல வந்துடுச்சு. ஒரே நாத்தம். இங்கயே ஒக்காந்து ஒப்பாரி வச்சேன். எங்கூட்டுக்காரரு பாதி தூக்கத்துல ஓடியாந்து, ‘யாரு போயிட்டாங்க?’ன்னாரு. செடிய காட்டுனேன். ‘ச்சே, இதுக்கா?’ன்னாரு. அன்னிக்கு அவருக்கு சோறு போடலக்கா.

— பாவம்டி அந்த மனுஷன்.

— அன்னிக்குன்னு பாத்து நீங்க போன் பண்றீங்க. ‘பேரன் பொறந்துட்டான்டி’ன்னு சொல்லி வாய மூடல, ‘கல்லுப்பூ எப்டி இருக்கு?’ன்னீங்க. பேரன் பொறந்த நேரத்துல எப்டிக்கா சாவு சேதி சொல்றது? ஜோரா இருக்குன்னுட்டேன். அப்பறம் மாசா மாசம் அதே ஜோரு.

— அப்ப இது ஏது? கடைல வாங்குனியா?

— வாங்கியிருக்கலாம். அது ஐயா செடி ஆவுமா? இது அதே செடி வம்சம்தான்க்கா, ஆத்தா சத்தியமா. அது நல்லா இருந்தப்போ காக்கா ஒக்காந்து ஆறேழு எலய தட்டி வுட்டுது. நான் பெருக்கி மூலைல தள்ளிட்டு மறந்தே போயிட்டேன். செடி செத்தப்பறம் ஒரு நாளு வெளக்கமாறு எடுக்கப் போறேன், எல நுனில ரோஸ் கலர்ல நூலு நூலா நீட்டிட்டு இருக்கு. எறா மீசையாட்டம்!

— வேரு.

— வேரு! மண்ணு இல்ல, தண்ணி இல்ல, வெறும் சிமெண்டு தளம். நான் கொட்டிக் கொட்டி வளத்தது அழுவிப் போச்சு, குப்பைல தள்ளுனது வேரு வுடுது. இன்னா அநியாயம் பாருங்க.

— அப்பறம்?

— ஓடிப்போயி ஒரு கூட மணல் அள்ளியாந்தேன், பீச்சுலேருந்து.

— பீச்சு மணலா! உப்புடி!

— நான் இன்னா கண்டேன்? எங்களுக்கு மணல்னா அதான. ரெண்டு எல கருவாடு ஆனப்பறம்தான் ஒறச்சுது. எதுத்தாப்ல சின்னப்பாப்பாக்கா வூடு கட்டுறாங்கல்ல, அவங்ககிட்ட ஆத்து மணல் ஒரு மொறம் வாங்கியாந்தேன். அடுத்து, எதுல வைக்கிறது? அடில ஓட்ட இருக்கணும், தண்ணி நிக்கக் கூடாது. யோசிச்சு யோசிச்சு பழய இட்லித் தட்ட எடுத்தேன்.

— இட்லித் தட்டுலயா!

— குழிக்கு ஒரு எல. சும்மா மணல் மேல படுக்க வச்சேன், சொருவல. எங்கூட்டுக்காரரு பாத்துட்டு, ‘இன்னா அன்னம், இன்னிக்கு மணல் இட்லியா?’ங்குறாரு. கிண்டல் பண்ணாலும் நல்ல மனுஷன்க்கா, காக்கா கொத்தாம இருக்க பழய மீன் வலத் துண்டு கொண்டாந்து மூடுனாரு.

— தண்ணி?

— வெரல நனச்சு ஒதறுவேன், அவ்ளோதான். அதுவும் மணல் காஞ்சப்பறம். ஊத்துடி ஊத்துடின்னு கை பரபரங்கும். ரெண்டு கையயும் முதுவுக்குப் பின்னாடி கட்டிட்டு நிப்பேன், ஸ்கூல்ல தண்டனை குடுத்த மாரி. கொஞ்ச நாள்ல கடுகு மாரி ஒரு குருத்து. அப்பறம் பட்டாணி மாரி. அந்தப் பழய எல மட்டும் சுருங்கிட்டே வந்துது. பாக்க அசிங்கமா இருக்குன்னு கிள்ளிடலாம்னு...

— கிள்ளிடாத! அந்த எலயக் குடிச்சுதான் குஞ்சு வளரும். அதுவா காஞ்சு உழணும்.

— ஆமாக்கா, நானும் வுட்டுட்டேன்... உங்களுக்கு எப்டி தெரியும்? செடி விவகாரமெல்லாம் ஐயாதான், எனக்கு ஒரு மண்ணும் தெரியாதும்பீங்க?

— யாரோ சொல்லிக் கேட்டது. தட்ட டேங்குக்குப் பின்னாடிதான வச்ச?

— ஆமா, அங்கதான் நேரா வெயில் படாது, வெளிச்சமும்... அதுவும் எப்டி தெரியும்?

— மாடில வேற எங்கடி நெழல் இருக்கு? காட்டு வா.

— வாங்க. தோ, இந்தக் கல்லு மேல ஏறாதீங்க, ஆடும். பாருங்க.

— யப்பா! இத்தனயா?

— மொதல்ல வந்தது நாலு. அதுங்க பெருசானதும் அதுலேருந்து எல எடுத்து மறுபடியும் வச்சேன். தயிர் டப்பா, டீ கப்பு, கொட்டாங்குச்சி, கைக்கு ஆப்ட்டதுல எல்லாம் நட்டேன். இருக்குறதுலயே பெருச ஐயா தொட்டில மாத்துனேன். நீங்க கண்டுபுடிக்கக் கூடாதுன்னுதான்... அக்கா, அப்போ ஒரு வெசயம் நடந்துச்சு.

— இன்னா?

— தொட்டிய கவுத்து மண்ண கொட்டுனேன். அடில ரெண்டு தண்டுக் கட்ட இருந்துது.

— ரெண்டா?

— ஒண்ணு நான் அழுவ வச்சது. இன்னொண்ணு சின்னது, சுண்டுவெரல் மொத்தம், கரி மாரி காஞ்சு கெடந்துது. எப்பவோ செத்தது. அது ஏதுன்னே புரியல. ஐயா கை பட்டதாச்சே, தூக்கிப் போட மனசு வரல. திருப்பி அதே மாரி அடில வச்சுட்டுதான் புதுசு நட்டேன்.

— திருப்பி வச்சுட்டியா...

— தப்பாக்கா?

— தப்பு இல்லடி. தப்பே இல்ல.

— அப்பறம் ஏன் கண்ணு கலங்குது? கோவம் இருந்தா நல்லா திட்டிடுங்க. வூட்ட காலி பண்ணுன்னு சொன்னா கூட பண்றேன். மூஞ்ச மட்டும் திருப்பிக்காதீங்க. குப்பத்து வூடு போனதுலேருந்து எனக்கு பொறந்த வூடுன்னா இதான்.

— யாருடி உன்ன காலி பண்ணச் சொன்னது? பைத்தியக்காரி. கண்ண தொட.

— பாத்த ஒடனே தெரிஞ்சுடுச்சா, வேற செடின்னு?

— கண்ணாடி போட்டதும் தெரிஞ்சுது.

— அப்பறம் ஏன்க்கா சொல்ல வுடாம கொழம்பு, வறுவல்னு இழுத்தடிச்சீங்க? எனக்கு உசுரு போயி உசுரு வந்துது.

— பழய தொட்டில புதுச் செடி ஒக்காந்திருக்கறத நான் முன்னாடியே ஒரு தடவ பாத்திருக்கேன். அதான்.

— எங்க?

— இதே தொட்டிலதான்.

— அக்கா... அப்ப அந்தச் சின்னக் கட்ட?

— நான் சாவடிச்சது. உனக்கு மீன் தண்ணி, எனக்கு அரிசி கழுவுன கழனித் தண்ணி. எங்க வூட்ல எந்தச் செடிக்கும் அதான் ஊத்துவாங்க. அவரு சவாரிக்கு மதுர, ராமேஸ்வரம்னு காரு ஓட்டிட்டுப் போயிருந்தாரு. புருஷன் ஆசையா கொண்டாந்ததாச்சேன்னு தெனம் ஒரு சொம்பு கழனி ஊத்தி, அழுவ வச்சுட்டேன்.

— ஐயா வந்து திட்டுனாரா?

— நான் சொன்னாத்தான! அவரு வர்றதுக்குள்ள, உதிர்ந்து கெடந்த எலயெல்லாம் பொறுக்கி, மண்ணுல வட்டமா சொருவி வச்சேன், பூ மாரியே. தூரத்துலேருந்து பாத்தா செடி, கிட்டப் போனா கோலம்.

— நீங்களுமா! நம்பிட்டாரா?

— குனிஞ்சு பாத்தாரு. ‘நல்லா பாத்துக்கிட்ட, பாக்கியம். மெர்சி’ன்னாரு. மறுநாள்லேருந்து, டேங்குல தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வரேன்னு தெனம் மாடி ஏறுனாரு. அதே நேரத்துல என் மாவு சல்லடயும் காணாமப் போச்சு. ஒரு நாளு துணி காயப்போட வந்தேன். தோ, இதே மூலைல குத்த வச்சு ஒக்காந்துட்டு, நான் சொருவுன எலயெல்லாம் சல்லடைல பரப்பி வெரலால தண்ணி தெளிச்சுட்டு இருந்தாரு. எலகிட்ட பேசிட்டு வேற இருந்தாரு, கிள்ளக் கூடாது, அதுவா காயணும்னு. நான் சத்தம் காட்டாம எறங்கிட்டேன்.

— அப்பறம் கேக்கவே இல்லியா?

— ரொம்ப நாள் கழிச்சு, ‘பாக்கியம், வந்து பாரேன், தொட்டில கல்லுப்பூ எப்டி தழச்சிருக்கு’ன்னு கூப்ட்டாரு. ‘ஆமாங்க, நல்லா வந்திருக்கு’ன்னேன். அவ்ளோதான். அவரும் சொல்லல, நானும் கேக்கல.

— கடைசி வரைக்குமா?

— கடைசி வரைக்கும். ஆஸ்பத்திரில கெடந்தப்போ கூட வாய் வரைக்கும் வந்துது, முழுங்கிட்டேன். இப்ப நீ வாயத் தொறந்ததும் பயந்துட்டேன்டி, எங்க நானும் சொல்ல வேண்டி வந்துடுமோன்னு... பரவால்ல, சொல்லிட்டோம். அந்தக் கொட்டாங்குச்சிய எடு, அது எனக்கு, தலமாட்டுல வச்சுக்குறேன். மெர்சி, அன்னம். ...செத்த அந்தப் பக்கம் திரும்பிக்கோ, இது உனக்கு இல்ல, அவருக்கு. ...மெர்சிங்க.